சாட்சி கெடாமல் இருக்க

கோர்ட்டில் வருஷக்கணக்காகக் குப்பை கொட்டியவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் இது கூண்டில் நிற்குமா, நிற்காதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். தல்லாகுளத்துப் பக்கம் ஒரு கோர்ட்டில் இருபத்தாறு வருஷம் பெஞ்ச் கிளார்க்காக இருந்த தனிஸ்லாஸுக்கு அந்த வியாதி முற்றிப்போயிருந்தது. கறிக்கடைக்காரன் வெறும் எலும்பாகப் போட்டுவிட்டான் என்று மனைவி விக்டோரியா புலம்பினால், "போடும்போது நீ நேர்ல பாத்தியா, இல்ல அனுமானமா?" என்று கேட்பார். கெட்டவர் இல்லை. ஒரே மகள் டயானா மேல் உயிரையே வைத்திருந்தார். அந்தப் பாசம்தான் கடைசியில் அவளுக்கு வினையாக முடிந்தது.

டயானா கோச்சடையில் குடியிருந்தாள். மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு டீச்சர். புருஷன் மெர்வினுக்கும் அதே பள்ளிக்கூட அலுவலகத்தில்தான் வேலை. கல்யாணமாகி ஒன்றரை வருஷம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கூட்டாளி வீட்டுக் குழந்தையின் ஞானஸ்நானத்துக்காக இரண்டு பேரும் பைக்கில் வாடிப்பட்டிக்குப் போனார்கள். ஊருக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர் இருக்கையில், ஏழு மணிக்கு, நாலுவழிச் சாலையில் எதிர்த்திசையில் ஒரு லாரி வந்தது. திரும்புகிற இடம் வரை போய் வளைத்துக்கொண்டு வரச் சோம்பல்பட்டு, டிரைவர் ராங் சைடிலேயே விட்டுக்கொண்டு வந்திருக்கிறான். மெர்வின் அந்த இடத்திலேயே போய்விட்டான். டயானாவுக்குத் தோளெலும்பு முறிந்தது, உடம்பெல்லாம் சிராய்ப்பு. ஆனால் ஒரு நொடிகூட அவளுக்கு நினைவு தப்பவில்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை அரைமணி நேரம், முறியாத கையால் அவன் தலையைப் பொத்திப் பிடித்தபடி ரோட்டில் உட்கார்ந்திருந்தாள்.

தனிஸ்லாஸ் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் லாரி கிளீனர் முந்திக்கொண்டான். பைக்தான் ராங் சைடில் வந்து மோதியது என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டான். செத்தவன் தலையிலேயே குற்றம். செத்தவன் எழுந்து வந்து இல்லை என்று சொல்லவா போகிறான்? பார்த்த ஆள் வேறு யாரும் இல்லை. இந்தத் தகவலைக் கொண்டுவந்தவர் செல்வக்குமார் வக்கீல். தனிஸ்லாஸிடம் பழகிப் பழகித் தம்பியாகவே ஆகிவிட்டவர்.

"அண்ணே, இந்தக் கேஸுக்கு உசிரு இருக்குன்னா அது டயானா பாப்பாட்டதான் இருக்கு. அது சொல்றத விட்டா வேற சாட்சி இல்ல," என்றார்.

மருமகனைப் பறிகொடுத்த மனிதர் உட்கார்ந்து அழுதிருக்க வேண்டிய நேரம் அது. தனிஸ்லாஸ் அழவில்லை. அழுகைக்குப் பதிலாக அவருக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. மெர்வின் தன் தப்பால் செத்தான் என்று சொல்லும் காகிதம் எந்த அலமாரியிலும் இருக்கக்கூடாது. அதற்கு மகளின் வாய் வேண்டும், அவள் கண்ணால் பார்த்தது பார்த்தபடியே வேண்டும். அவர் மனத்தில் அதற்குப் பிறகு வேறு எதுவும் ஏறவில்லை.

பதினோரு மணி வாக்கில் கனகலட்சுமி என்று ஒரு டாக்டரம்மா வந்தார். எலும்பு டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். டயானா மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தபடி கிடந்தாள். கேட்டதற்கு ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். தாம் மனநல மருத்துவர் என்று அந்த அம்மா சொன்னதுமே தனிஸ்லாஸின் முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது.

"எம் மகளுக்குப் புத்தி நல்லாத்தான் இருக்கு டாக்டர். நடந்தத வரிசையாச் சொல்றா."

"நல்லாத்தான் இருக்கு சார். நல்லா இருக்கும்போதே குடுக்க வேண்டிய மருந்து இது. கார்ட்டிசோன்னு பேரு, நம்ம உடம்புலயே சுரக்குற சமாச்சாரந்தான். இந்த மாதிரி கோரத்தக் கண்ணால பாத்தவங்களுக்குப் பன்னெண்டு மணி நேரத்துக்குள்ள சின்ன அளவுல ஆரம்பிச்சு, பத்து நாள் குடுத்தா, அந்தப் பயம் மனசுல அப்படியே உறைஞ்சு போகாமத் தடுக்க வாய்ப்பிருக்கு."

"நடந்தது மறந்துருமா?"

"மறக்காது சார். ஞாபகம் இருக்கும். ஆனா முடிஞ்சுபோன விஷயமா இருக்கும். இல்லேன்னா சில பேருக்கு அது முடியவே முடியாது. தினம் தினம் இப்பத்தான் நடக்குற மாதிரி வந்து நிக்கும்."

"கட்டாயம் தடுக்குமா?"

அந்த அம்மா ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நோயாளியின் நல்லதுக்கு டாக்டர்கள் நாலு பொய் சொல்வது ஊரில் நடக்காததா? ஆனால் அவர் நேர்மையான ஆள். நேர்மை இருக்கிறதே, அது இடம் தெரியாமல் வந்து கழுத்தறுக்கும்.

"கட்டாயம்னு சொல்ல மாட்டேன் சார். இதுவரைக்கும் நடந்ததெல்லாம் சின்னச் சின்ன ஆய்வுகள். சில பேருக்கு உதவியிருக்கு. எல்லா டாக்டரும் குடுக்குறதும் இல்ல. ஆனா எந் தங்கச்சி இந்தக் கட்டில்ல கிடந்தா நான் குடுப்பேன்."

தனிஸ்லாஸ் கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். வேறு எந்தத் தகப்பனுக்கும் அந்தக் கேள்வி தோன்றியிருக்காது.

"கேஸ் ஷீட்டுல எழுதாமக் குடுக்க முடியுமா?"

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. "எழுதாம எப்படி சார் குடுக்குறது? நான் பாத்தேன்னு எழுதி, கையெழுத்துப் போட்டுத்தான குடுக்கணும்."

"மனநல மருத்துவர்னு சீல் இருக்குமா?"

"இருக்கும்."

"அப்ப வேணாம்."

இந்த 'வேணாம்' எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். எட்டு வருஷத்துக்கு முன்னால் தனிஸ்லாஸின் கோர்ட்டில் ஒரு கொலை வழக்கு. மகனைக் கண்ணெதிரே வெட்டியதைப் பார்த்த சோலையம்மாள் என்கிற தாய்தான் ஒரே சாட்சி. முதல் விசாரணையில் கல் மாதிரி நின்றாள். குறுக்கு விசாரணைக்கு எழுந்த வக்கீல் வெட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஏம்மா, நீங்க மனநல டாக்டர்கிட்ட மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று மட்டும் கேட்டார். "ஆமாஞ்சாமி, ராத்திரி தூக்கம் வராம..." என்று அவள் தொடங்க, அவர் போதும் என்று உட்கார்ந்துவிட்டார். எதிரிகள் என்று நிறுத்தப்பட்ட மூன்று பேரும் விடுதலை. மாத்திரையால்தான் அந்த வழக்கு தோற்றது என்பது தனிஸ்லாஸின் முடிவு. தீர்ப்பில் வேறு ஆறு காரணங்கள் இருந்தன. அவற்றை அவர்தான் வழக்குக் கட்டில் கோர்த்து வைத்தார், ஆனாலும் அவர் மனத்தில் ஏறியது அந்த ஒன்றுதான். அரைகுறையாகத் தெரிந்து வைத்திருப்பது ஒன்றுமே தெரியாததைவிட ஆபத்து.

டாக்டரம்மா அவரோடு மல்லுக்கட்டவில்லை. கட்டிலருகே குனிந்து, "டயானா, நான் சொன்னது கேட்டுச்சா? உங்களுக்கு வேணுமா?" என்று கேட்டார்.

டயானாவின் கண் ஃபேனிலிருந்து இறங்கி டாக்டரம்மாவின் முகத்துக்கு வந்தது. உதடு லேசாகப் பிரிந்தது.

"அவளுக்கு வேணாம் டாக்டர். நாந்தான் சொல்றேன்ல," என்றார் தனிஸ்லாஸ்.

"அவங்க சொல்லட்டும் சார்."

"அதான் ஒண்ணும் பேசல. மௌனம்னா சம்மதம்."

"எதுக்குச் சம்மதம்?" என்று டாக்டரம்மா கேட்டார். டயானாவின் கண் மறுபடியும் ஃபேனுக்குப் போய்விட்டது.

போகும்போது அந்த அம்மா இரண்டு விஷயம் சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் ஏழு மணி வரைக்கும் நேரம் இருக்கிறது, மனசு மாறினால் வார்டு நர்ஸிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்பது ஒன்று. என்ன ஆனாலும் வீட்டில் தூக்க மாத்திரை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், அது இந்த மாதிரிப் பயத்தை ஆற விடாது, சிலருக்கு இன்னும் மோசமாக்கும் என்பது இன்னொன்று. தனிஸ்லாஸ் இரண்டுக்கும் தலையாட்டினார்.

நாலு மணிக்கு விக்டோரியா மெல்ல எழுந்து நர்ஸ் மேஜைப் பக்கம் போனாள். தனிஸ்லாஸ் பின்னாலேயே போய் வராந்தாவில் மறித்தார்.

"ஏங்க, ஒரு மாத்திரதான. பச்சப்புள்ள மாதிரி மலங்க மலங்க முழிக்கிறா. பாக்கச் சகிக்கல."

"உனக்கு மருமகன் முக்கியமா, மாத்திரை முக்கியமா?"

"மகதாங்க முக்கியம்."

"மகளுக்காகத்தான் சொல்றேன். புருஷன் தப்பாப் போயிச் செத்தான்னு ஊர் சொல்ல, அவ காலம் பூரா அதக் கேட்டுக்கிட்டு இருக்கணுமா? நாளைக்குக் கூண்டுல நிக்க வச்சு, நீ பைத்தியத்துக்கு மாத்திரை தின்னவளான்னு ஒருத்தன் கேப்பான். அப்ப நீ வந்து பதில் சொல்வியா?"

விக்டோரியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்தாள். முப்பது வருஷக் குடித்தனத்தில் கோர்ட்டு விஷயத்தில் அவரை எதிர்த்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. கெடு தாண்டிய மனுவைத் திருப்பிக் கொடுப்பதே தொழிலாக இருந்த மனிதர், அன்று சாயங்காலம் மகளின் கட்டிலருகே உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு அடித்ததும், ஒரு கண்டம் தாண்டிவிட்டது போல அவருக்குப் பெருமூச்சு வந்தது. பாவி மனுஷன்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள். டயானாவைத் தங்கள் வீட்டுக்கே கூட்டி வந்திருந்தார்கள். கண்ணை மூடினால் தூக்கிவாரிப் போட்டு எழுந்தாள். மிக்ஸி ஓடினால் கத்தினாள். தூங்கி மூன்று நாளாயிற்று. விக்டோரியாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் செய்த காலத்தில் எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரை அலமாரியில் அட்டையோடு இருந்தது. தனிஸ்லாஸ்தான் அதை எடுத்தார்.

"டாக்டரம்மா வேணாம்னாங்களே," என்றாள் விக்டோரியா.

"தூங்குனா எல்லாம் சரியாயிரும். இது யாரு கணக்குலயும் ஏறாது. நம்ம வீட்டு மாத்திர."

இதைவிடக் கூத்து உண்டா? உதவக்கூடிய மாத்திரை ஒரு காகிதத்தில் ஏறும் என்பதற்காக வேண்டாம். கெடுக்கக்கூடிய மாத்திரை எந்தக் காகிதத்திலும் ஏறாது என்பதற்காக வேண்டும். துக்க வீட்டில் அழுகிறவர்களுக்கு ஒரு தூக்க மாத்திரையைக் கொடுத்துப் படுக்கப் போடுவது நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். தனிஸ்லாஸும் அதைத்தான் செய்தார். டயானா அடித்துப் போட்டது போலத் தூங்கினாள். அட்டை தீர்ந்ததும், தெரிந்த மருந்துக் கடையில் இன்னொரு அட்டை வாங்கி வந்தார். இரண்டு மாதம் அப்படிப் போனது.

அதோடு விட்டாரா என்றால், இல்லை. சாட்சி மறந்துவிடக்கூடாது அல்லவா? ஒவ்வொரு நாளும் காபி குடித்த பிறகு, நீளத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு மகளின் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"சொல்லு பாப்பா. முதல்ல இருந்து."

முதல் வாரத்தில் டயானா சொன்னது இப்படி இருந்தது: "நாங்க எங்க பக்கந்தான்ப்பா போனோம். இடது ஓரமா. அவரு ஞானஸ்நான வீட்டுல பிரியாணியா சாப்பாடான்னு கேட்டாரு. நான் சிரிச்சேன். நிமிந்து பாத்தா எதுக்க லாரி. இந்தப் பக்கம் எப்படி வரும்னு நெனச்சேன். முன்னாடி எலுமிச்சம்பழமும் மொளகாயும் கட்டியிருந்துச்சு. அது ஆடுறது தெரிஞ்சுச்சு. அம்புட்டுக் கிட்டத்துல..."

இதைப் போல ஒரு சாட்சி எந்த ஜட்ஜுக்கும் போதும். ஆனால் கிளார்க்கின் கை சும்மா இருக்குமா? தனிஸ்லாஸ் அதைத் திருத்தி எழுதினார். பிரியாணி அடிபட்டுப் போனது, சிரிப்பு அடிபட்டுப் போனது. "லாரி வந்துச்சுன்னு சொல்லக்கூடாது பாப்பா. மேற்படி லாரியானது எதிர்த்திசையில் அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் வந்துன்னு சொல்லணும். எங்க, சொல்லு." டயானா சொன்னாள். மறுநாளும் சொன்னாள். போலீஸுக்குக் கொடுத்த வாக்குமூலம் அவர் எழுதிய தாளின் நேர் நகல்தான். அதைக் கொண்டு செல்வக்குமார் அலையாய் அலைந்து வழக்கை டிரைவர் மேல் திருப்பினார். அன்று தனிஸ்லாஸ் சர்ச்சுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றினார். ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தார்.

ஜெயித்தது அந்தத் தாள்தான். மகள் வீட்டுக்குள்ளேயே தேய்ந்துகொண்டிருந்தாள்.

மூன்றாம் மாதம் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். எட்டாம் வகுப்பில் யாரோ ஒரு பிள்ளை ஜியோமெட்ரி பாக்ஸைக் கீழே போட்டது. சத்தம் கேட்டு டீச்சர் மேஜைக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொண்டாள். பிள்ளைகள் முதலில் சிரித்தன, பிறகு பயந்து அழுதன. அதற்குப் பிறகு அவள் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. தெருவில் டீசல் வண்டி நின்றால் ஜன்னலைச் சாத்துவாள். சுவரில் முதுகு படாமல் உட்கார மாட்டாள். ஒருநாள் விக்டோரியா ஊறுகாய்க்கு எலுமிச்சம்பழம் வாங்கி வந்து வைக்க, டயானா வாந்தி எடுத்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் எலுமிச்சம்பழம் கிடையாது. தகப்பன் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டாலே அவள் அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள ஆரம்பித்தாள். அதைப் பார்த்த பிறகுதான் தனிஸ்லாஸ் தாளை உள்ளே வைத்தார். அதற்குள் நாலு மாதம் ஓடியிருந்தது.

ஆறாம் மாதம் விக்டோரியா அவரைக் கேட்கவில்லை. ஆட்டோ பிடித்து மகளைக் கூட்டிக்கொண்டு கனகலட்சுமி டாக்டரம்மாவிடம் போனாள். தனிஸ்லாஸ் பின்னாலேயே பைக்கில் போனார். வெளியே பெஞ்சில் உட்கார வெட்கமாக இருந்தது, உட்கார்ந்தார். டாக்டரம்மா டயானாவோடு ஒரு மணி நேரம் இருந்துவிட்டு அவரை உள்ளே கூப்பிட்டார். தூக்க மாத்திரை எத்தனை நாள் கொடுத்தீர்கள் என்று கேட்டார். சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்த மாத்திரைய இப்பக் குடுங்க டாக்டர். நீங்க என்ன வேணாலும் எழுதிக்கங்க," என்றார் தனிஸ்லாஸ்.

"அது அப்பக் குடுக்க வேண்டியது சார். இப்பக் குடுத்துப் பிரயோஜனம் இல்ல."

"அன்னைக்குக் குடுத்திருந்தா இப்படி ஆயிருக்காதுல்ல?"

"தெரியாது சார். குடுத்திருந்தாலும் இப்படி ஆயிருக்கலாம். ஆகாமலும் போயிருக்கலாம். இனி யாராலயும் சொல்ல முடியாது."

ஆமாம், உங்களால்தான் என்று அவர் சொல்லியிருந்தால்கூடத் தனிஸ்லாஸ் குற்றவாளிக் கூண்டில் ஏறி நின்றிருப்பார். இல்லை என்று சொல்லியிருந்தால் இறங்கி வீட்டுக்கு வந்திருப்பார். இரண்டும் கிடைக்கவில்லை. இருபத்தாறு வருஷத்தில் தீர்ப்பே வராத வழக்கை அவர் பார்த்ததில்லை.

இப்போதைக்கு வேறு சிகிச்சை இருக்கிறது, பேசிப் பேசி ஆற்றுவது, நாளாகும், வாராவாரம் வர வேண்டும் என்றார் டாக்டரம்மா. டயானா மூன்று வாரம் போனாள். நாலாவது வாரம், நடந்ததை முதலிலிருந்து சொல்லிப் பார்ப்போமா என்று டாக்டரம்மா மெதுவாகக் கேட்டிருக்கிறார். டயானா எழுந்து வெளியே வந்துவிட்டாள். சொல்லச் சொல்லி நாலு மாதம் வீட்டில் வதைபட்டவளுக்கு, சொல்வது எப்படி மருந்தாகும்? மறுபடியும் அந்தப் படியில் அவள் காலை வைக்கவில்லை.

வழக்கு இரண்டு வருஷம் வாய்தாவில் இழுத்து, ஒருவழியாக வாடிப்பட்டியில் விசாரணைக்கு வந்தது. தனிஸ்லாஸ் அதற்குள் ரிட்டயர் ஆகியிருந்தார். போக வேண்டாம் என்றாள் விக்டோரியா. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு தடவை, அதோடு முடிந்துவிடும் என்றார் தனிஸ்லாஸ். டயானாவிடம் கேட்டதற்கு, "சரிப்பா" என்றாள். அவள் இப்போதெல்லாம் எல்லாவற்றுக்கும் சரிப்பாதான்.

செல்வக்குமாரின் காரில் பின் சீட்டில் அம்மா மடியில் தலை வைத்து, முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு வந்து சேர்ந்தாள். டவாலி மூன்று தடவை பெயரைக் கூப்பிட்டார். கூண்டில் ஏறினாள். பெயர் சொன்னாள், வயது சொன்னாள், சொல்வதெல்லாம் உண்மை என்றாள். தனிஸ்லாஸுக்கு நம்பிக்கை வந்தது. அரசு வக்கீல் பதமாகத்தான் கேட்டார்.

"அன்னைக்குக் காலையில ரோட்டுல எந்தப் பக்கமா போனீங்கம்மா?"

டயானா மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தாள்.

"லாரி எந்தப் பக்கமிருந்து வந்துச்சு?"

"எலுமிச்சம்பழம்," என்றாள்.

"என்னம்மா?"

"எலுமிச்சம்பழம் ஆடுது."

கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். ஜட்ஜ் நிமிர்ந்து பார்க்க, சிரிப்பு அடங்கியது. டயானா கூண்டுக்குள் அப்படியே குந்தி உட்கார்ந்தாள். உள்ளங்கையைத் தரையில் வைத்து அழுத்தினாள். எதையோ சிந்தவிடாமல் பொத்திப் பிடிப்பவள் போல அழுத்திக்கொண்டே இருந்தாள். என்ன செய்கிறாள் என்று அங்கிருந்த யாருக்கும் தெரியவில்லை. தனிஸ்லாஸுக்குத் தெரிந்தது.

ஜட்ஜ் நல்ல மனிதர். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். "அவசரமில்லம்மா, பத்து நிமிஷம் உக்காருங்க. யாரும் எதுவும் கேக்க வேணாம்," என்றார். பத்து நிமிஷம் கோர்ட் சும்மா இருந்தது. டயானா எழுந்து நின்றாள். அரசு வக்கீல் அதே கேள்வியைக் கேட்டார். அவள் வாய் திறந்தது. வார்த்தை வந்துவிடும் போல இருந்தது.

தனிஸ்லாஸால் பொறுக்க முடியவில்லை. கோர்ட்டில் வாய் திறக்கிற பொதுஜனத்தை உஸ்ஸென்று அடக்கியே காலம் தள்ளிய மனிதர், பார்வையாளர் பெஞ்சிலிருந்து எழுந்து கத்தினார். "சொல்லு பாப்பா! மேற்படி லாரியானது எதிர்த்திசையில்... சொல்லும்மா, சொன்னேல்ல!"

டயானா வாயை மூடிக்கொண்டாள்.

எதிர்த்தரப்பு வக்கீல் பேச்சிமுத்து நிதானமாக எழுந்தார். வயசாளி, குரலை உயர்த்தவே இல்லை. "ஐயா, சாட்சி என்ன சொல்லணும்ங்கிறது தகப்பனாருக்குத்தான் மனப்பாடமா தெரியுது. போலீஸ் வாக்குமூலத்துலயும் இதே வார்த்தைதான் இருக்கு. கணக்கு டீச்சர் ஒருத்தங்க வீட்டுக்காரர் செத்தத மேற்படின்னா சொல்லுவாங்க? தகப்பனார் கோர்ட்டுல கிளார்க்கா இருந்தவர். இது சொல்லிக் குடுத்த சாட்சி. அதப் பதிவு பண்ணிக்கணும்."

பதிவானது. குறுக்கு விசாரணை இல்லை என்று சொல்லிவிட்டுப் பேச்சிமுத்து உட்கார்ந்தார். மாத்திரையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வெளியே வந்ததும் செல்வக்குமார், "சந்தேகத்தின் பலன எதிரிக்குத்தான்ணே குடுப்பாங்க. அப்பீல் இருக்கு, பாப்போம்," என்றார். அவர் குரலிலேயே அப்பீல் செத்துக் கிடந்தது. மெர்வின் ராங் சைடில் போய்ச் செத்தவன் என்பது இனி மாறாது. தனிஸ்லாஸ் காரின் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். பின்னால் டயானா முகத்தை மூடிப் படுத்தாள்.

கார் சமயநல்லூரைத் தாண்டியது. டயானா பேசினாள்.

"அப்பா."

அவளாக அவரைக் கூப்பிட்டு மாதக்கணக்காயிற்று. தனிஸ்லாஸ் பதறித் திரும்பினார். "என்ன பாப்பா? தண்ணி வேணுமா?"

முகத்தில் துணி மூடியபடியே இருந்தது. "அன்னைக்கு அந்த டாக்டரம்மா மாத்திர வேணுமான்னு என்கிட்ட கேட்டாங்கல்ல. வேணும்னு சொல்லத்தான்ப்பா வாயத் தொறந்தேன். இது என்னைய விடாதுன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சிருச்சு. சத்தம் வரல. வார்த்தையச் சேத்துக் கூட்டி வர்றதுக்குக் கொஞ்சம் நேரம் ஆச்சு. அதுக்குள்ள நீங்க சொல்லிட்டீங்க."

விக்டோரியா மகளின் தலையை இறுகப் பிடித்துக்கொண்டாள். செல்வக்குமார் ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தனிஸ்லாஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"இன்னைக்கு அந்த ஜட்ஜ் ஐயாகூடப் பத்து நிமிஷம் குடுத்தாருப்பா," என்றாள் டயானா.